ஸ்ரீ அண்ணை கண்ட சித்திரம்

சுவிசில் லாங்கன்தாலில் இறங்கி ஸ்ரீஸ்கந்தராஜா எங்கே இருக்கிறார் என்று கேட்டால் ஒருவரும் கையை விரிப்பார்கள். ஸ்ரீ அண்ணை என்று கேளுங்கள், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் வாசலில் விட்டுவிட்டுத்தான் மற்ற வேலை பார்ப்பார்கள். அகதியாக வந்த காலத்திலிருந்து ஒரே தொழிற்சாலையில் இரும்பு கடைந்த மனுசன். கோயில் தேர் என்றால் வடத்தில் முதல் கை அவருடையது. மோதகத் தட்டைக் கண்டாலோ, தன் வருத்தத்தை அந்த இடத்திலேயே மறந்துவிடுவார். அந்த வருத்தம் சீனி வருத்தம், நீரிழிவு. மறந்தது அவர்தான், அது அவரை மறக்கவில்லை.

ஒரே ஒரு பிள்ளை, மதுஜா. இங்கே பிறந்து இங்கே படித்து, இப்போது லோசானில் ஒரு மருத்துவமனையில் தாதியாக இருக்கிறாள். நல்ல பிள்ளை, தங்கமான பிள்ளை, ஆனால் பொய் மட்டும் வாயில் வராது. ஒரு வீட்டுக்குச் சாப்பிடப் போனால் "கறி எப்படிப் பிள்ளை?" என்று கேட்பவருக்கு, "உப்புக் கூடிப்போச்சு அன்ரி, அப்பாவும் அப்பிடித்தான் நினைக்கிறார்" என்று சொல்லித் தகப்பனையும் சேர்த்து மாட்டிவிடுவாள். எங்கள் ஆட்களின் ஒளிப்பு மறைப்பெல்லாம் அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காது. இருக்கிறதை இருக்கிறமாதிரிச் சொன்னால் என்ன குறைந்துபோகும் என்று கேட்பாள். இதற்கு நாங்கள் என்ன பதில் சொல்வது?

அந்தப் பிள்ளைக்கு இருந்த ஒரே பைத்தியம் பாலைவனம். ஒவ்வொரு மாரிக்கும் லீவு எடுத்துக்கொண்டு, முதுகில் ஒரு பையோடு, அல்ஜீரியாவின் தென்கோடியில் ஜானெத் என்கிற ஊருக்கும் அப்பால் போய்விடுவாள். அங்கே சிவப்பு மணலும் கரும்பாறையும் சேர்ந்த பெரிய காப்புநிலம். பகலில் நடை, இரவில் கூடாரம். பாறைக் குகைகளில் ஆயிரமாயிரம் வருடங்களுக்கு முந்திய மனிதர்கள் காவியால் எழுதிய மாடுகள், ஒட்டகச்சிவிங்கிகள், நடனமாடும் பெண்கள். இன்றைக்குப் புல் பூண்டில்லாத அந்த நிலத்தில் ஒருகாலம் ஆறு ஓடி, மாடு மேய்ந்ததாம். அதைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம்.

"பாலைவனத்துக்குள்ள மாப்பிள்ளையே தேடுறாள் உம்மட மகள்?" என்று கோயில் மடத்தில் வைத்துச் சிவநேசன் ஒருநாள் நக்கல் அடித்தார். ஸ்ரீ அண்ணை சிரித்து மழுப்பினார். ஆனால் வீட்டுக்கு வந்து, "ஒருக்கால் வாங்கோ அப்பா வாங்கோ எண்டு நீயும் கூப்பிடுறாய். எங்கட சனம் இடம்பெயர்ந்து தரப்பாளுக்குக் கீழ கிடந்து பட்டது காணாதே? லீவு எடுத்துக்கொண்டு போய்க் கூடாரத்துக்குள்ள படுக்க எனக்கென்ன விசரே?" என்று தொலைபேசியில் மகளிடம் பாய்ந்தார். அவள் விடவில்லை. அடுத்த மாரிக்கும் கூப்பிட்டாள். அந்த வருடம் தேர்த் திருவிழாவுக்குத் தேவை என்று லீவைச் சேர்த்துவைத்திருந்தார். அதற்கு அடுத்த வருடம் தொழிற்சாலையில் ஆள் குறைவு. போகாமல் இருப்பதற்கா காரணம் இல்லை!

போய் வந்தால் தொலைபேசியில் மணித்தியாலக் கணக்காகக் கதைப்பாள். அவள் ஆகவும் விரும்பிய சித்திரம் ஒன்று இருந்தது. கொம்பு வளைந்த ஒரு செம்மாடு, பின்னால் ஒரு கன்று, கன்றின் கழுத்தில் கைபோட்டபடி ஒரு சின்னப் பிள்ளை. "அந்தப் பிள்ளைக்கு முகம் இல்லை அப்பா, ஆனா சிரிக்குது" என்பாள். ஒருமுறை ஒரு வயதானவர் படம் எடுப்பதற்காகப் பாறையில் தண்ணீர் ஊற்றப்போனாராம். நனைத்தால் நிறம் பளிச்சென்று எழும்பும். ஆனால் ஒவ்வொரு முறை நனைக்கும்போதும் கொஞ்சம் கழுவுப்பட்டுப் போகும். முந்தி வந்தவர்கள் அப்படி ஊற்றி ஊற்றித்தான் பாதிச் சித்திரங்கள் மங்கிப்போயினவாம். மதுஜா அந்தக் கிழவரின் கையிலிருந்து போத்தலைப் பறித்துவிட்டாள். "பறிச்சனியோ? ஐயோ, வயசான மனுசனெல்லோ!" என்று ஸ்ரீ அண்ணை பதறினார். "வயசானா என்ன? பிழை பிழைதான்," என்றாள் மகள்.

ஸ்ரீ அண்ணைக்குக் கண் போகத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான். மகள் ஊசி போட்டதுபோலச் சொல்லிக்கொண்டே இருந்தவள்: "சீனி இருக்கிற ஆக்கள் வருசாவருசம் கண் காட்டவேணும் அப்பா, கண் டொக்டரிட்ட டேர்மீன் எடுங்கோ." அவர் நாள் எடுத்தார்தான். எடுத்துவிட்டுப் போகவில்லை. ஒருநாள் மேலதிக வேலை, ஒருநாள் யாரோ ஒருவரின் அந்தியேட்டிச் சடங்கு. வலதுகண்ணுக்குள் கறுப்பாக ஏதோ மிதக்கிறது என்று ஒருநாள் மனைவி தில்லைநாயகியிடம் சொன்னபோது, அந்தக் கண்ணில் காப்பாற்றுவதற்கு அதிகம் மிச்சம் இல்லை. இடதுகண்ணுக்கு லேசர் அடித்தார்கள், ஊசி போட்டார்கள். நல்ல வெயிலில் நிறங்கள் தெரியும், ஆள் அசைவது தெரியும். நிழலுக்குள் போனால் எல்லாம் ஒரே புகை.

"பிள்ளைக்குச் சொல்லாதை," என்றார் தில்லைநாயகியிடம்.

"சொல்லாமல் எப்பிடியப்பா?"

"தனிய இருக்கிற பிள்ளை. யோசிப்பாள். கண்ணில வெள்ளை படர்ந்து ஒப்பரேசன் செய்தாச்சு, இப்ப வடிவாத் தெரியுது எண்டு சொல்லு."

இதுதான் எங்கள் ஆட்களின் புத்தி. பிள்ளை தாதி. இரவு பகலாக மற்றவர்களின் வருத்தத்தைப் பார்க்கிறவள். அவளிடம் வருத்தத்தை ஒளிக்கிறார்கள்! யோசிப்பாள் என்பதும் உண்மைதான். ஆனால் டேர்மீனுக்குப் போகாத கதை வெளியில் வந்தால் மகளின் முகத்தில் எப்படி முழிப்பது என்ற பயம்தான் அவருக்குப் பெரிது. வீட்டுக்குள் அவருக்குக் கண் தேவையில்லை, கதவும் கதிரையும் காலுக்குத் தெரியும். மதுஜா வந்துநின்ற நாட்களில் தில்லைநாயகி சாப்பாட்டுக் கோப்பையை அவர் கைக்கு நேரே வைப்பாள். வைத்துவிட்டுக் குசினிக்குள் போய் அழுவாள்.

ஆனால் ஒரு ஆசை அவரைப் பிடித்துக்கொண்டது. இருக்கிற வெளிச்சமும் அணையுமுன், தன் பிள்ளை இத்தனை வருடமாக ஓடி ஓடிப் பார்த்த அந்த மாட்டையும் கன்றையும் தானும் ஒருக்கால் பார்த்துவிட வேண்டும். அவள் கூப்பிட்டபோதெல்லாம் போகாத மனம், இப்போது இரவு பகலாக அங்கேயே கிடந்தது. தானே மகளைக் கூப்பிட்டு, "இந்த முறை நானும் வாறன் பிள்ளை," என்றார். அந்தப் பக்கம் அவள் குரல் அப்படியே உடைந்துபோனது. சந்தோசத்தில்தான்.

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்," என்றாள் தில்லைநாயகி பெட்டி அடுக்கிக்கொண்டே. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு, "அம்மாளாச்சி காட்டுவா, போட்டு வாங்கோ," என்றாள்.

போனார்கள். சுவிசிலிருந்து போன சின்னக் குழு, நாலு சில்லும் இழுக்கிற இரண்டு வண்டி, வழிகாட்டியாக மூசா என்கிற உள்ளூர் மனுசன். வெயில் என்றால் சொல்லி வேலையில்லாத வெயில், ஸ்ரீ அண்ணைக்கு அதுவே வரமாக இருந்தது. மணலின் சிவப்புத் தெரிந்தது. வானத்தின் நீலம் தெரிந்தது. மகளின் முதுகில் இருந்த பை செம்மஞ்சள் நிறம், அந்த நிறத்தை விடாமல் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தார். "நீ முன்னால போ பிள்ளை, நான் ஆறுதலா வாறன்" என்றால் அவள் வயது என்று நினைத்துக்கொண்டாள். மூசா அப்படி நினைக்கவில்லை. முதல் நாளே வண்டியிலிருந்து ஒரு தடியை எடுத்து, ஒரு சொல்லும் சொல்லாமல், அவர் கையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.

அந்தச் சில நாட்களைப்போல அவர் வாழ்நாளில் சந்தோசமாக இருந்ததில்லை. மணலுக்குள் புதைத்துச் சுட்ட ரொட்டிக்கு மேல், தில்லைநாயகி கட்டிக் கொடுத்துவிட்ட மிளகாய்த்தூளைத் தூவிச் சாப்பிட்டார். மூசா பாகுபோலக் காய்ச்சிய தேத்தண்ணியை மகளுக்குத் தெரியாமல் ஒரு மிடறு குடித்துப் பேச்சும் வாங்கினார். கூடாரத்துக்குள் மகள் பக்கத்துப் படுக்கையில் கிடந்து, பள்ளிக்கூட நாட்களில் நடந்தது, வேலையில் நடந்தது என்று கதைத்துக்கொண்டே இருந்தாள். வீட்டில் இப்படிக் கதைத்ததில்லை. இவ்வளவு காலம் வராமல் விட்டேனே மடையன், என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

அந்த மாடும் கன்றும் இருந்த குகைக்குப் போன நாள், மற்றவர்களை மூசா பள்ளத்தாக்கின் மறுபக்கம் கூட்டிக்கொண்டு போனான். தகப்பனும் மகளும் மட்டும் ஏறினார்கள். குகை என்றால் பெரிய குகை இல்லை, மேலே பாறை குடைபோல முன்னுக்கு நீண்டு நிற்க, கீழே நல்ல நிழல். ஸ்ரீ அண்ணை அந்த நிழலுக்குள் காலை வைத்தார். எல்லாம் போய்விட்டது. சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை. மதுஜா பையைக் கழற்றி எங்கேயோ வைத்துவிட்டாள், செம்மஞ்சளும் இல்லை.

அம்மாளாச்சி, ஒருக்கால், ஒரே ஒருக்கால், என்று மனதுக்குள் மன்றாடியபடி கண்ணை விரித்து விரித்துப் பார்த்தார். புகைதான்.

"தெரியுதோ அப்பா?"

அவள் குரலில் இருந்த ஆசையைக் கேட்டபின் இல்லை என்று எப்படிச் சொல்வது? "ஓம் பிள்ளை," என்றார். "வடிவாத் தெரியுது. கொம்பு வளைஞ்ச மாடு. பின்னால கண்டு. கண்டின்ர கழுத்தில கைபோட்டுக்கொண்டு பிள்ளை. நீ சொன்னது சரிதான், முகமில்லாமலே சிரிக்குது."

அவர் இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொன்னார். மாட்டின் நிறத்தைச் சொன்னார், வாலைச் சொன்னார். அவளுடைய மூச்சு மாறுவது கேட்டது. பிறகு அவள் வந்து, இரண்டு தோளையும் பிடித்து, அவரை மெதுவாக இடப்பக்கமாகத் திருப்பினாள்.

இவ்வளவு நேரமும் வெறும் பாறையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அவருக்கு விளங்கிவிட்டது. அவளுக்கும் விளங்கிவிட்டது.

"கொஞ்சம் மங்கல்தான் அப்பா," என்றாள் அவள். "எல்லாருக்கும் மங்கலாத்தான் தெரியும். நில்லுங்கோ."

போத்தல் மூடி திறபடும் சத்தம் கேட்டது. ஐயோ என் பிள்ளையே, என்று நினைத்தார். அந்நியக் கிழவனின் கையிலிருந்து தட்டிப் பறித்தவள், பிழை பிழைதான் என்றவள், இந்தக் கிழவனுக்காகத் தண்ணீர் ஊற்றப் போகிறாள். கையை நீட்டித் துழாவினார். அவள் மணிக்கட்டு அகப்பட்டது. இறுக்கிப் பிடித்தார்.

"ஊத்தாதை பிள்ளை."

"கொஞ்சம்தான் அப்பா. ஒருக்கால்தான்."

"வேண்டாம் மதுஜா. ஊத்தினாலும் எனக்குத் தெரியாது."

அவள் அந்த இடத்திலேயே குந்திவிட்டாள். பிறகு கேட்டாள். எப்போது தொடங்கியது, எந்தக் கண், என்ன ஊசி, எத்தனை முறை. தாதியின் கேள்விகள். டேர்மீன் கதையும் வந்தது. எல்லாவற்றையும் சொன்னார். ஒளிக்க ஒன்றும் மிச்சம் இல்லை.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீ கூட்டிக்கொண்டு வந்திருக்க மாட்டாய்."

"நான் எத்தனை வருசமாக் கூப்பிட்டனான்!" என்று அவள் கத்தினாள். பாறைகளில் மோதி அந்தச் சத்தம் திரும்பி வந்தது. "கண் இருக்கேக்க வந்திருக்கலாமே அப்பா. கண் இருக்கேக்க வந்திருக்கலாமே."

தேர்த் திருவிழா, ஆள் குறைவு, தரப்பாள் என்று அந்தக் குகைக்குள் நின்று சொல்லமுடியுமா? அவளுடைய தலையைத் தேடிப் பிடித்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டார். வெகுநேரம் இருவரும் அழுதார்கள். திரும்பும்போது அவர் பையின் நிறத்தைப் பார்த்து நடக்கவில்லை. மகள் கையைப் பிடித்து, கல் வருகுது, பள்ளம் வருகுது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி இறக்கினாள். அதன் பிறகு இருந்த நாட்களில் இரண்டு பேரும் அதிகம் கதைக்கவில்லை.

லாங்கன்தாலுக்கு வந்து சேர்ந்தபோது வெளியே நல்ல பனி. வீட்டுக்குள் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் மணத்தது. தில்லைநாயகி இரண்டு பேரையும் மாறி மாறிக் கட்டிப்பிடித்தாள். உள்ளுக்குள் இருந்த கேள்வியை அவளால் சாப்பாடு பரிமாறும்வரைகூட அடக்க முடியவில்லை.

"கண்டனீங்களோ? அந்த மாட்டைக் கண்டனீங்களோ?"

ஸ்ரீ அண்ணை வாயைத் திறந்தார். இனி இந்தப் பிள்ளைக்கு முன்னால் எப்படிப் பொய் சொல்வது? உண்மையைச் சொன்னால் இரவு பகலாக அம்மாளாச்சிக்கு நேர்த்தி வைத்துக்கொண்டு இருந்த இந்த மனுசி தாங்குவாளா? மதுஜா இப்போது உடைக்கப்போகிறாள் என்று பயந்தார்.

"ஓம் அம்மா," என்றாள் மதுஜா. "அப்பா எல்லாம் வடிவாக் கண்டவர். மாட்டைக் கண்டவர், கண்டைக் கண்டவர். அந்தப் பிள்ளை சிரிக்குது எண்டு எனக்கு முந்தி அவர்தான் சொன்னவர்."

ஒரு இடத்திலும் தடக்கவில்லை. பழகின வாய்போலச் சொல்லிவிட்டுப் புட்டைக் குழைக்கத் தொடங்கினாள். தில்லைநாயகி, "என்ர அம்மாளாச்சி!" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, செய்தி சொல்ல சிவநேசன் வீட்டுக்குத் தொலைபேசி எடுக்க ஓடினாள்.

ஸ்ரீ அண்ணை கோப்பைக்கு மேல் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். உப்புக் கூடினாலும் முகத்துக்கு நேரே சொல்கிற பிள்ளை. அவளுக்கும் நான் பொய்யைப் பழக்கிப்போட்டேன், என்று நினைத்தபோது அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தொலைபேசியோடு திரும்பி வந்த தில்லைநாயகி அதைப் பார்த்துவிட்டு, மனுசன் சந்தோசத்தில் அழுகிறார் என்று சிவநேசனின் மனைவிக்குச் சொன்னாள். சொல்லிக்கொண்டே இன்னொரு அகப்பை குழம்பை அவர் கோப்பைக்குள் விட்டாள்.