கால் ஏன் சுடவில்லை

மலேசியாவில் எங்கள் ஈஜோக் ஊர் அம்மன் கோயில் திருவிழாவில், தானாகப் படம் எடுத்துக்கொண்டே இருக்கும்படி நெஞ்சில் ஆக்‌ஷன் கேமராவைக் கட்டிக்கொண்டு பால்குடம் எடுத்தேன். கொளுத்தும் வெயிலிலும் தார் ரோடு என் காலைச் சுடவே இல்லை. "எல்லாம் ஆத்தா அருள்!" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தால் ஒரு படமும் கைப்பேசியில் திறக்கவில்லை. மஞ்சள் தண்ணீர்க் கையோடு எதையோ அழுத்தியதில், கேமரா அத்தனையையும் ரா ஃபைலாக, வெளிச்ச விவரம் முழுக்க அடங்கிய மூலப்படமாக, எடுத்திருந்தது. தம்பி லேப்டாப்பில் அவற்றைச் சாதாரணப் படமாக, ஜேபிஜியாக மாற்றினான். ரோடு முழுக்க வெயிலில் வெளுத்துக் கிடந்தது.

"பயப்படாத லா, ரா ஃபைல்ல எல்லாம் இருக்கும்" என்று வெளிச்சத்தைக் குறைத்து மறுபடி மாற்றினான்.

வெளுப்புக்குள்ளிருந்து ஒரு வாளி வந்தது. பிறகு கை. பிறகு முகம்!

"டேய், மேரி அக்காடா!" என்று கத்திவிட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். படத்துக்குப் படம் எனக்கு முன்னால் ஓடி ஓடி ரோட்டில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் காலிலும் செருப்பில்லை.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடினேன். "ஏங்க்கா சொல்லவே இல்ல?"

"நீ சாமி நெனப்புல நடந்த. நான் குறுக்க வந்து பேசவா முடியும்?" என்று சிரித்தார்.

இப்போதும் ஆத்தா அருள் என்றுதான் சொல்கிறேன். ஆத்தா கையில் வாளி இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.