கமிட்டிக்குக் காட்டிய இரண்டாவது நர்ஸ்

அரசு மருத்துவர்கள் சங்கத்தின் மாவட்டக் கிளையில் நான் இணைச் செயலாளர் ஆனதற்கு என் வைத்தியம் காரணமில்லை, என் தமிழ்தான் காரணம். 'மாண்புமிகு' என்று தொடங்கி 'பணிவன்புடன்' என்று முடிப்பதற்குள் நாலு பக்கம் பிழையில்லாமல் எழுதக்கூடிய டாக்டர் திண்டுக்கல் வட்டாரத்திலேயே நான் ஒருவன்தான் என்று சங்கத் தலைவர் கண்டுபிடித்துவிட்டார். மற்றவர்கள் எழுதினால் மெடிக்கல் ஷாப்காரரைக் கூப்பிட்டுத்தான் படிக்கச் சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளின் கடைசி அது. தலைவர் மூத்த சர்ஜன், ஓய்வு பெற இன்னும் நாலு வருடம் இருந்தது. கத்தியைப் பிடிப்பதைவிட மைக்கைப் பிடிப்பதில்தான் அவருக்குக் கை நடுங்காது. என்னை உட்காரவைத்துப் பாடம் எடுத்தார்.

"தம்பி, சம்பளம் பஞ்சப்படின்னு ஆரம்பிச்சோம்னா, டாக்டருக்கு என்னய்யா கொறச்சல்னு ஜனங்க கேப்பாக. சுகாதாரத் துறைச் சீர்திருத்தம்னு ஆரம்பிங்க. ஒரு பய வாயத் தெறக்க மாட்டான்."

ஆரம்பித்தேன். பன்னிரண்டு கோரிக்கைகள். பதினொன்று தலைவரும் செயற்குழுவும் சொல்லச் சொல்ல நான் எழுதியவை. முதலாவதை மட்டும் நானாகப் போட்டேன்: ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் குறைந்தது இரண்டு நர்ஸ்கள் வேண்டும். சீர்திருத்தத்தின் மேல் எனக்குப் பெரிய காதல் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எங்கள் சிஸ்டரை மனதில் வைத்துத்தான் அதை எழுதினேன்.

நான் வேலை பார்த்த நிலையம் செம்பட்டியில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்துப் போகிற ஊரில் இருந்தது. புறநோயாளிகளுக்கு ஒரு அறை, பிரசவத்துக்கு ஒரு அறை, பின்னால் தண்ணீர் வராத குவார்ட்டர்ஸ். நர்ஸ் ஒரே ஒருவர். நான் ஐந்து மணி பஸ்ஸில் டவுனுக்குப் போய்விடுவேன். சிஸ்டர் போக முடியாது. பிரசவ வலி பஸ் நேரம் பார்த்து வருவதில்லை. அவருடைய வீடும் டவுனில்தான். இரண்டாம் வகுப்புப் படிக்கிற மகள் மாமியாரிடம் வளர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து அரை நாள், அதுவும் கேஸ் எதுவும் வராவிட்டால், சிஸ்டர் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

ஒரு திங்கட்கிழமை ஊசியைக் கொதிக்க வைத்துக்கொண்டே சொன்னார்: "முந்தியெல்லாம் எப்பம்மா வருவீகன்னு கேக்கும் சார். நேத்து, எப்பம்மா போவீகன்னு கேக்குது."

அடுப்பைத் தணித்துவிட்டு அவரே தொடர்ந்தார்.

"இன்னொருத்தி வந்துட்டா, ஒருநாள் விட்டு ஒருநாள் வீட்டுக்குப் போயிருவேன் சார். காலைல அதுக்குத் தலை பின்னி விட்டுட்டு பஸ்ஸப் பிடிச்சிருவேன்." அவர் கேட்டது அம்புட்டுத்தான். அதை அரசாங்கத் தமிழில் 'இருபத்து நான்கு மணி நேரத் தடையற்ற தாய் சேய் நலச் சேவை' என்று எழுதினேன்.

மாவட்டத்துக்குள் கால் வைத்த எந்த மந்திரியையும் நாங்கள் விட்டதில்லை. கல்யாண மண்டப வாசலில், மேடைக்குப் பின்னால், ஒரு தடவை காது குத்து வீட்டில் பந்தி நடுவில் என்று அந்த மனுவைக் கொடுத்தோம். மந்திரி வாங்கி உதவியாளரிடம் கொடுப்பார், உதவியாளர் பைக்குள் வைப்பார், போட்டோ எடுத்து முடிந்ததும் நாங்கள் சால்வையை மடித்துக்கொண்டு வருவோம். 'ஆவன செய்யப்படும்' என்று பதில் வரும். ஆவன என்றால் என்ன என்று எங்கள் ஒருவருக்கும் கடைசிவரை தெரியாது.

இப்படி இரண்டு வருடம் ஓடிய பிறகு திடீரென்று ஒரு கடிதம். எங்கள் கோரிக்கைகளை நேரில் ஆராய மூன்று பேர் கொண்ட கமிட்டி சென்னையிலிருந்து வருகிறது. சில நிலையங்களைப் பார்வையிடும். அதில் என்னுடையதும் ஒன்று. தலைவர் போனில் குதித்தார்.

"தம்பி, ஒங்க ஆஸ்பத்திரிக்கும் வாராக! நாம எழுதுனத அவுக கண்ணால பாக்கட்டும்யா!"

சிஸ்டரிடம் சொன்னேன். முகமெல்லாம் பல்லாகச் சிரித்தார். நாங்கள் செய்ய வேண்டியிருந்த வேலை ஒன்றுமே இல்லை. இருக்கிறபடி இருந்தால் போதும். ஒற்றை நர்ஸ், கைப்பிடி ஆடுகிற பிரசவ மேஜை, ஒட்டுப்போட்ட ரப்பர் ஷீட் என்று எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கலாம்.

ஆனால் எங்கள் துறையில் மேலே இருந்து யாராவது வருகிறார்கள் என்றால் கை தானாகப் பிளீச்சிங் பவுடரைத் தேடும். வாசலில் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு. ரிஜிஸ்டர்களுக்குப் புது காக்கி அட்டை. பிறந்த குழந்தையின் மூக்கிலிருந்து சளியை உறிஞ்சி எடுக்கிற நல்ல மிஷின் எங்கள் வட்டாரத்துக்கே ஒன்றுதான். எந்த நிலையத்தில் இன்ஸ்பெக்‌ஷனோ அங்கே அதிகாரிக்கு முன்னால் அது ஜீப்பில் போய் இறங்கிவிடும். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் பக்கத்து வீட்டு நாற்காலியைக் கொண்டுவந்து போடுகிற ஜனம்தானே நாங்கள்? வறுமையைப் பார்க்க வா என்று நாமே கூப்பிட்டுவிட்டு, வருகிறவர்களுக்கு முன்னால் வறுமையாக நிற்க வெட்கமாக இருந்தது. புத்தி கெட்ட வெட்கம்.

முந்தின நாள் சிஸ்டர் தயங்கித் தயங்கி வந்தார். "சார், நாளைக்கு மாசமா இருக்கவுகளுக்கு செக்கப் நாளு. லேபர் ரூமுலயும் ஒரு கேஸ் இருக்கு. ஒத்தையில நான் டீ குடுப்பேனா, பிரஷர் பாப்பேனா, பிரசவம் பாப்பேனா? ஒரு நாளைக்கு மட்டும் கைக்கு ஒரு ஆளு கெடச்சா..."

நியாயம்தானே. பக்கத்து நிலையத்து டாக்டர் என்னோடு கல்லூரியில் படித்தவன். அவனுக்குப் போன் போட்டேன்.

"மாப்ள, ஒங்க சிஸ்டர நாளைக்கு இங்க அனுப்பு."

"ஆர்டரு?"

"ஆர்டராவது மண்ணாவது. சாயங்காலம் பஸ் ஏத்தி விட்டுர்றேன்."

"சரி, என் ஆஸ்பத்திரிக்குத்தான் கமிட்டி வரலேல்ல. அந்தச் சளி மிஷினும் இங்கதான் கெடக்கு. சேத்து அனுப்புறேன்."

ஒரு நர்ஸ் போதாது என்று காட்டுவதற்காக நாங்கள் வரவழைத்த கமிட்டிக்கு முன்னால், ஒரு நர்ஸ் போதவில்லையே என்று இன்னொரு நர்ஸை நான் இரவல் வாங்கினேன். எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. சாமர்த்தியசாலி என்று என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

கமிட்டி பதினோரு மணிக்கு வந்தது. தலைமை அதிகாரி நல்ல மனிதர். அதுதான் எங்கள் கெட்ட நேரம். நாங்கள் அட்டை போட்டு அடுக்கி வைத்திருந்த ரிஜிஸ்டர்களைத் தொடவேயில்லை.

"இதெல்லாம் எதுக்கு டாக்டர்? நான் கண்ணால பார்த்தாத்தான் நம்புவேன்" என்றார்.

பார்த்தார். வெளியே இரவல் சிஸ்டர் கர்ப்பிணிகளை வரிசையில் உட்காரவைத்து பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே எங்கள் சிஸ்டர் அப்போதுதான் ஒரு பெண் குழந்தையை எடுத்து மூக்கில் மிஷினை வைத்திருந்தார். அந்த மிஷினுக்கு அன்றைக்கென்று சத்தம்கூட ஒழுங்காக வந்தது. அதிகாரிக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

"பிரமாதமா வெச்சிருக்கீங்க! ரெண்டு சிஸ்டர் இருந்தா எவ்ளோ நல்லா நடக்குது பாருங்க. உங்க சங்கம் கேக்கறதும் இதைத்தானே?"

"ஆமா சார்" என்றேன்.

அந்த 'ஆமா' எங்கிருந்து வந்தது என்று பல தடவை யோசித்திருக்கிறேன். ஆர்டர் இல்லாமல் ஆளைக் கொண்டுவந்தேன் என்று சொன்னால் எனக்கும் நண்பனுக்கும் பதினேழு பி வரும். பதினேழு பி என்றால் அரசு ஊழியரின் வேலைக்கே உலை வைக்கக்கூடிய ஒழுங்கு நடவடிக்கை. அது ஒரு காரணம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அத்தனை வருட சர்வீஸில் என்னை ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை, எனக்கு அது பிடித்திருந்தது.

கார் போனதும் சிஸ்டர் கை துடைத்துக்கொண்டு வந்தார். "சார், ரெண்டு பேருன்னு நெனச்சுட்டுப் போறாரே."

"ஆபீஸ் பேப்பர்ல ஒண்ணுதான இருக்கு சிஸ்டர்? எழுதுறப்ப பாக்க மாட்டாகளா?" என்றேன்.

பார்க்கவில்லை. காகிதத்தை விட்டுக் கண்ணை நம்பிய அதிகாரி எங்கள் துறையில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். அவர் போய் என் நிலையத்தில் வந்து விழுந்தாரே!

மூன்று மாதம் கழித்து உத்தரவு வந்தது. புது நர்ஸ் யாரையும் நியமிக்கவில்லை. பணிநிரவல் செய்கிறார்கள். ஆள் கூடுதலாக இருக்கிற இடத்தில் எடுத்து, இல்லாத இடத்தில் போடுவது என்று அதற்கு அர்த்தம். அதன்படி எங்கள் நிலையத்தில் உள்ள இரண்டு நர்ஸ்களில் ஒருவருக்கு, மலைமேல், ஒரு நாளைக்கு இரண்டே பஸ் போகிற ஊருக்கு மாற்றல். பெயர் போட்டிருந்தது. எங்கள் சிஸ்டரின் பெயர்.

மாவட்ட சுகாதார அலுவலகத்துக்கு ஓடினேன். கிளார்க் நிதானமாக விளக்கினார்.

"ரெண்டு பேர்ல ஒருத்தர மாத்தச் சொல்லிருக்கு சார். எங்க பதிவேட்டுல ஒரு பேருதான் இருக்கு. அப்ப அவுகளத்தான மாத்தணும்?"

"அப்ப மிச்சம் இருக்கிறது யாருய்யா?"

"அந்த இன்னொருத்தரு."

அடப்பாவி! அந்தக் கணக்கில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியாமல் படியிறங்கினேன். நேராகத் தலைவரிடம் போய் நடந்ததையெல்லாம் கொட்டினேன், இரவல் சிஸ்டர் உட்பட. சங்கத்திலிருந்து ஒரு கடிதம் போனால் போதும் என்று கெஞ்சினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கமிட்டி வேணும்னு கேட்டது நாம. வந்த கமிட்டிக்குப் பொய்யக் காட்டுனோம்னு நாமளே எழுதுனா, நாளைக்கு எவன் தம்பி நம்ம மனுவ வாங்குவான்? மலைக்கும் ஒரு நர்ஸ் வேணும்ல? அதுவும் சீர்திருத்தம்தான்."

மறு வாரமே சங்கம் பாராட்டுக் கூட்டம் வைத்தது. நம் கோரிக்கையை அரசு நேரில் வந்து ஆராய்ந்து நடவடிக்கை எடுத்த வரலாற்று நிகழ்வாம். பிரியாணி உண்டென்று முன்கூட்டியே சொன்னதால் ஹால் நிறைந்துவிட்டது. நன்றியுரை நான். பிழையில்லாமல் பேசினேன் என்று எல்லோரும் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கழுவினாலும் போகாத அழுக்கு ஒட்டிய மாதிரி இருந்தது அந்தக் கை.

சிஸ்டர் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பெட்டி கட்டுவதற்கு முந்தின நாள் என் மேஜைக்கு வந்தார்.

"சார், ஒங்களுக்குத்தான் நல்லா எழுத வருமே. மாத்தல ரத்து பண்ணச் சொல்லி எனக்கு ஒரு மனு எழுதிக் குடுங்க. நாளைக்குப் போறப்ப நானே ஆபீஸ்ல குடுத்துட்டுப் போயிர்றேன்."

அன்று மத்தியானம் சாப்பிடப் போகாமல் உட்கார்ந்து எழுதினேன். மூன்று பக்கம். தாயைப் பிரிந்த பச்சிளம் குழந்தை, மாமியாரின் தள்ளாத வயது, மலைப்பாதை, பஸ் வசதியின்மை, பதினோரு வருட மாசற்ற பணி. என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல மனு நான் எழுதியதில்லை. சிஸ்டர் நின்றபடியே படித்தார். படித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ரொம்ப நல்லா இருக்கு சார். எனக்கே அழுகை வருது."

பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பி, எதையோ தேடுகிற மாதிரி விரலால் வரி வரியாகத் தடவிக்கொண்டு வந்தார். மூன்றாம் பக்கம்வரை போனார்.

"இங்க நான் ஒருத்திதான் இருந்தேங்கிறத மட்டும் எங்கயும் காணோமே சார்."

"அத எழுதுனா சிஸ்டர்..." என்று ஆரம்பித்தேன்.

சிஸ்டர் மூன்று பக்கத்தையும் ஒழுங்காக அடுக்கி மேஜைமேல் வைத்தார். பிறகு என் பேனாவையே வாங்கி, அடியில் நான் 'இப்படிக்கு' என்று எழுதியிருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டார்.