கயிற்றைத் தளரவிடாத குதிரை

சனிக்கிழமை காலை ஏழு பத்துக்கு நாங்கள் குடியிருக்கும் டோர்செட் பார்க்கிலிருந்து புறப்பட்டோம். காரை ஓட்டியவர் எங்கள் கட்டடத்தில் குடியிருக்கும் ரஞ்சன் அண்ணை. அக்ஸ்பிரிட்ஜ் ஊரைத் தாண்டி ஒரு மாட்டுப் பண்ணைக்குப் பயணம், ஐம்பத்தெட்டுக் கிலோமீற்றர். பெற்றோலுக்கு இருபது டொலர் கொடுத்தேன்.

"குதிரை பாக்கவோ தங்கச்சி இவ்வளவு தூரம்? போனிலை பாக்கலாமே?"

"போனிலை பாத்துப் படம் கீறித்தான் அண்ணை பிழையாப் போச்சு."

பகலில் ஓர் ஆய்வுகூடத்தில் பொய்ப்பல் செய்கிறேன். மாலையில் படம் வரைகிறேன். நகரத்தில் ஒரு சிறிய ஓவியக்கூடம், மாடு மேய்க்கும் கௌபோய்களைப் பற்றிய கண்காட்சிக்குப் படங்கள் கேட்டிருந்தது. சிவந்த வானம், பின்னங்கால்களில் எழும்பி நிற்கும் குதிரை, மேலே தொப்பிக்காரன் என்று ஒன்றை வரைந்து கொண்டுபோனேன். தெரிவு செய்யும் பெண்மணி, "இந்தக் குதிரைக்கு என்ன வேலை?" என்று கேட்டார். இரண்டு வருடமாக என் படங்களை அங்கே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். "திங்கட்கிழமை நாலு மணிக்குள் வேறு படம் தருகிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்க்கம் நகரைக் கடந்ததும் வீடுகள் குறைந்து, சோளவயல்கள் வந்தன. எட்டு இருபதுக்குப் பண்ணை வாசலில், நான் முன்பே பேசிவைத்திருந்த பண்ணைக்காரர் டெய்ல் குதிரையோடு நின்றார். என் வயதுதான். மேற்கே அல்பேர்ட்டா மாகாணத்தில் பதினைந்து வருடம் குதிரைமேல் இருந்து மாடு மேய்த்தவர். பழுப்புக் குதிரையின் வயிற்றில் சேறு காய்ந்திருந்தது. சேணத்தைப் போட்டு வார்ப்பட்டியை இறுக்கியபடி, "வரைவது பிறகு. ஒரு கன்றுக்குக் கண் பழுது. மருந்துப் போத்தலை நீங்கள் பிடிக்கவேண்டும்" என்றார்.

குதிரை என்றால் எனக்குப் பயம். ஆனாலும் வேலிக்குள் இறங்கினேன்.

"கவனம் தங்கச்சி, உது உதைக்கும்!" என்று வேலிக்கு வெளியே நின்று அண்ணை கத்தினார்.

டெய்ல் குதிரையில் ஏறிச் சுருக்குக் கயிற்றை வீசினார். கன்று அகப்பட்டது. கயிற்றைச் சேணத்தின் முன்னால் நீட்டியிருக்கும் கொம்பில் சுற்றிவிட்டு இறங்கி ஓடி, கன்றைச் சரித்து, முழங்காலால் அமுக்கினார். குதிரைமேல் இப்போது யாருமில்லை. கன்று துள்ளக் கயிறு தொய்ந்தது. யாரும் சொல்லாமலே குதிரை இரண்டு அடி பின்னால் வைத்தது. கயிறு மறுபடி இறுகியது. அதன் காதுகள் கன்றின் பக்கமே இருந்தன. போத்தலோடு மண்ணில் குந்தியிருந்த நான் அண்ணாந்து பார்த்தேன். பயம் போய்விட்டது.

பத்து மணிவரை வேலியோரம் நின்று பதினொரு தாள்களில் வரைந்தேன். வீட்டுக்கு வந்ததும் பழைய படத்தின்மேல் வெள்ளை பூசினேன். ஞாயிறு முழுவதும் தூரிகையைக் கீழே வைக்கவில்லை.

திங்கள் மூன்றரைக்குப் படத்தைக் கொடுத்தேன். பெரிதாகக் குதிரை, நீண்ட கயிறு, முதுகைக் காட்டிக் குனிந்திருக்கும் மனிதன். பெண்மணி கிட்டப் போய்ப் பார்த்தார்.

"மற்றவர்கள் எல்லாரும் கௌபோயின் முகத்தை வரைந்திருக்கிறார்கள்" என்றார்.

"அந்த நேரம் அவருடைய முகத்தைப் பார்க்க அங்கே யாருக்கும் நேரமில்லை" என்றேன்.

சிரித்துக்கொண்டே படத்தை வாங்கி, கண்காட்சி வாசலுக்கு நேரே இருந்த சுவரில் சாய்த்து வைத்தார்.