நாற்பத்தேழாம் எண் பாட்டில்

யாக்கிமா பள்ளத்தாக்கில் பெண்டாட்டி விட்டுப் போனவர்கள் பாருக்குப் போவார்கள், இல்லையென்றால் சர்ச்சுக்குப் போவார்கள். வெர்ன் கஸ்டாஃப்சன் கராஜுக்குப் போனான். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன் அவன். மனைவி லோர்னா ஸ்போக்கேனில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்த் திரும்பி வராத அந்த வருஷம், பெரிய அண்டா ஒன்றை வாங்கிவந்து ஐபிஏ என்கிற கசப்பு பீரைக் காய்ச்ச ஆரம்பித்தான். மற்ற பீரெல்லாம் அவனுக்குப் பீரே இல்லை. நாக்கில் கசக்க வேண்டும், மூக்கில் மணக்க வேண்டும். இரண்டையும் கொடுப்பது ஹாப்ஸ் பூ, ஊரைச் சுற்றிக் கொடி கொடியாய் நிற்பதும் அதுதான்.

வம்பே அங்கேதான். அறுவடைச் சமயத்தில் தோட்டத்துக்குப் போனால் வெர்னுக்குக் கை அடங்காது. ஒரு பூவைக் கசக்கி முகர்ந்தால் பைன் மரம், இன்னொன்றில் ஆரஞ்சுத் தோல், மற்றொன்றில் மாம்பழம். எதை விடுவது? சினூக், காஸ்கேட், சிம்கோ, சிட்ரா, மொசெய்க், கொலம்பஸ் என்று ஆறு வகையையும் அள்ளி வருவான், ஆறையும் அண்டாவில் போடுவான். கொதி தொடங்கும்போது போட்டால் கசப்பு ஏறும், அடுப்பை அணைக்கும்போது போட்டால் மணம் தங்கும் என்பதெல்லாம் மனப்பாடம். எதை வேண்டாமென்று வைப்பது என்பது மட்டும் அவனுக்கு வரவே இல்லை.

சனிக்கிழமைதோறும் நண்பன் ராய்ஸ் பெல்லமி வந்துவிடுவான். ஹாப்ஸ் கிடங்கில் பொதி பொதியாக முகர்ந்து தரம் பிரிப்பது அவன் வேலை. பீர் போட்டிகளுக்கு நடுவரும்கூட. அந்த மூக்குக்கு இந்தப் பள்ளத்தாக்கே மரியாதை கொடுக்கும். அப்பேர்ப்பட்டவன் பதினோரு வருஷமாக வெர்னின் பீரைக் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றே சொன்னான். வெர்ன் தன் நாக்கைக் கேட்பதையே விட்டுவிட்டான். போட்டிக்கு அனுப்பட்டுமா என்று கேட்டால் மட்டும், பதக்கமெல்லாம் பீற்றிக்கொள்கிறவர்களுக்கு, உனக்கெதற்கு என்று ராய்ஸ் பேச்சை மாற்றுவான். நண்பன் நம்மை எங்கே தூக்கி வைத்திருக்கிறான் பார் என்று இந்த அப்பாவி பூரித்துப்போவான்.

பதினோராம் வருஷத்து மே மாதம், ராய்ஸை அசத்த வேண்டுமென்று, அவனிடம் மூச்சு விடாமல் இரண்டு பாட்டில்களைப் போட்டிக்கு அனுப்பினான். போட்டியில் பாட்டிலுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ராய்ஸ் அன்றைக்குக் கறுப்பு பீர் மேசையில் இருக்க வேண்டியவன். ஐபிஏ மேசையில் ஒருவர் காய்ச்சலென்று வராமல் போக, அவனை அங்கே உட்காரவைத்தார்கள். மூன்று வாரம் கழித்து மதிப்பெண் தாள் தபாலில் வந்தது. நாற்பத்தேழாம் எண். ஐம்பதுக்குப் பத்தொன்பது. மேலே நடுவர் பெயர்: ராய்ஸ் பெல்லமி.

வெர்ன் அனுப்பியிருப்பான் என்று நினைக்காமல், முன்பின் தெரியாதவருக்கு எழுதும் மரியாதையோடு எழுதியிருந்தான். 'முதலில் பூனை மூத்திர வாடை, பிறகு வெங்காயம், அதன்பின் வெறும் கசப்பு. கையில் கிடைத்த ஹாப்ஸை எல்லாம் போட்டிருக்கிறீர்கள். இரண்டு வகை போதும், கசப்புக்கு ஒன்று, மணத்துக்கு ஒன்று. மற்றவற்றை விட்டுவிடப் பழகுங்கள்.'

வெர்ன் அதைச் சமையலறையில் நின்றபடியே நான்கு தடவை படித்தான். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. பத்தொன்பது போகட்டும். பதினோரு வருஷத்துச் சனிக்கிழமைகளை என்ன செய்வது?

சனிக்கிழமை ராய்ஸ் கராஜில் வந்து உட்கார்ந்ததும் தாளை அவன் மடியில் போட்டான். ராய்ஸ் தன் கையெழுத்தைப் பார்த்தான். நிமிராமலே பேசினான்.

“லோர்னா விட்டுட்டுப் போன வருஷம் உன் மொத பீர ஊத்திக் குடுத்தே. ஊத்திட்டு என் மூஞ்சியையே பாத்துட்டு நின்னே. நல்லாருக்குன்னு சொல்லாம வேற என்னடா சொல்லச் சொல்றே?”

“அது அன்னிக்கு. அப்புறம்?”

“மொத தடவ சொன்னதுக்கப்புறம் எந்தத் தடவடா மாத்திச் சொல்றது?”

வெளியே போ என்பதுபோல் வெர்ன் கராஜ் கதவைத் தூக்கிவிட்டான். ராய்ஸ் எழுந்து போய்விட்டான். கோடை முழுக்க அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

செப்டம்பரில் வெர்ன் தோட்டத்துக்குப் போனான். சிட்ராவை முகர்ந்தான், கீழே போட்டான். மொசெய்க்கைத் தொடவே இல்லை. அந்தத் தாள் சொன்னபடியே செய்தான்; கசப்புக்குச் சினூக், மணத்துக்குக் காஸ்கேட், அவ்வளவுதான். அக்டோபரில் முதல் பாட்டிலைத் திறந்து குடித்தான். நன்றாக இருப்பது போலத்தான் இருந்தது. ஆனால் அதைச் சொல்வது அவன் நாக்கு. அதற்கு ஒன்றும் தெரியாதென்றுதான் ஐம்பதுக்குப் பத்தொன்பது சொல்லிவிட்டதே.

அந்த வாரமே ராய்ஸ் தானாக வந்து வாசலில் நின்றான், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. புதிதாகக் காய்ச்சியிருக்கிறாயாமே என்றான். வெர்ன் அவனை உள்ளே விட்டான், ஆனால் பாட்டிலைத் தொடவில்லை.

“இப்ப தர மாட்டேன். மே மாசம் இதையே மறுபடி காய்ச்சிப் போட்டிக்கு அனுப்புறேன். பேரில்லாம குடி. அப்ப நீ எழுதறத நம்பறேன்.”

ராய்ஸ் தொப்பியை அண்டா மேல் வைத்தான். “நடுவர் வேலைய விட்டுட்டேன் வெர்ன். ஜூன்லயே எழுதிக் குடுத்துட்டேன். யாருன்னு தெரியாம எத்தன பேர இப்படிக் குத்தினேனோன்னு, அப்புறம் பேனாவத் தொட மனசு வரல.”

பேரில்லாமல் குடிக்கவைக்க இனி வழியில்லை; வெர்ன் ஒரு பாட்டிலைத் திறந்து ஊற்றினான். ராய்ஸ் முகர்ந்தான். ஒரு வாய் குடித்தான். மறுபடி முகர்ந்தான். இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு அந்தக் கராஜில் அவன் எதையும் குடித்ததே இல்லை.

“இது நெஜமாவே நல்லாருக்குடா,” என்றான். கண் கலங்கியிருந்தது.

“மொத பீரக் குடிச்சப்பவும் இதே மூஞ்சிதாண்டா வெச்சிருந்தே,” என்றான் வெர்ன்.

எதைச் சொன்னாலும் இவன் நம்பப்போவதில்லை என்று தெரிந்ததும் ராய்ஸ் கிளாஸை மேசையில் வைத்துவிட்டான்.