மூணு கண்ணாடியும் ரெண்டு வளையலும்

வளைகாப்பு முடிஞ்ச கையோட சிதம்பரத்துலேர்ந்து அம்மா என்னைக் கடலூருக்குக் கூட்டியாந்தாங்க. கார் புவனகிரி தாண்டுறதுக்குள்ளயே சட்டம் போட ஆரம்பிச்சுட்டாங்க. வாசப்படி தாண்டுனா கண்ணு பட்டுடும். உச்சி வெயில்ல காத்து கருப்பு அடிச்சுடும். புள்ள பொறக்குறவரைக்கும் வளையலக் கழட்டவே கூடாது. அன்னையிலேர்ந்து எனக்கு ஜெயில்தான்.

எனக்கோ ஒரே பதட்டம். கல்யாண வீடியோவா எடிட் பண்ணிச் சலிச்சுப்போய், எனக்குன்னு ஒரு படம் ஆரம்பிச்சிருந்தேன். ஆளும் கெடையாது, கதையும் கெடையாது. மூணு கண்ணாடிப் பட்டைய முக்கோணமா ஒட்டி அட்டைக் குழாய்க்குள்ள சொருகி, ஒரு முனையில கலர் துண்டு, மறுமுனையில போன் கேமரா. கலைடாஸ்கோப்தான். திருப்பத் திருப்ப உருவம் மாறும், அவ்ளோதான் படம். "இத யாரு பாப்பாங்க?"ன்னாரு வீட்டுக்காரரு. யாரும் பாக்க வேணாம், நான் முடிக்கணும். புள்ள பொறந்துட்டா அப்புறம் நானாவது, படமாவது!

குழாயத் திருப்புனாலே கையில கெடக்குற வளையல் கலகலங்குது. எடுத்த அத்தனையிலயும் அந்தச் சத்தம். கலருக்குக் கொண்டாந்த பிளாஸ்டிக்கும் சோகை புடிச்சாப்ல இருந்துது. ஒரு நாள் எரிச்சல் தாங்காம ரெண்டு வளையலக் கழட்டி, துண்டுல சுத்தி, குழவிக்கல்லால ஒரு போடு போட்டேன்.

அம்மா ஓடியாந்தாங்க. "அடிப்பாவி! வயித்துல புள்ளய வச்சிக்கிட்டு வளையல ஒடைக்கிறியே, கிறுக்கா புடிச்சிருக்கு?" துண்டை விரிச்சுப் பாத்தவங்க அப்படியே அடங்கிட்டாங்க. அப்பாவோட கருமாதியில அம்மா கையில வளையல ஒடச்சப்ப நானும் பக்கத்துலதான் நின்னேன். என் வளைகாப்புலகூட அம்மா சமையக்கட்ட விட்டு வரல. எனக்கு ஒரு வளையல் போடல. சை, என்ன புத்தி எனக்கு!

"எதுக்குடி?"ன்னாங்க. ஒடஞ்ச வளையல் துண்டுகளக் குழாயில போட்டுக் கையில குடுத்தேன். ஒத்தக் கண்ண மூடி, ஜன்னல் பக்கமாத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. குக்கர் விசில் அடிச்சும் நகரல.

"அழகாத்தான்டி இருக்குது. எத்தினி திருப்புனாலும் உள்ளயேதான் கெடக்குது."

"இன்னொரு தடவ திருப்பும்மா"ன்னு சொல்லிட்டு, அம்மா கண்ண வச்ச முனையில போன வச்சேன். நான் போதும்னு சொல்றவரைக்கும் திருப்பிக்கிட்டே இருந்தாங்க.

படம் முடிஞ்சுது. கடைசிப் பகுதியில மட்டும் வளையல் சத்தமே இருக்காது. அது அம்மா திருப்புனது.