பாணிப் போத்தலின் மூடி

லண்டனில், மிச்சம் (Mitcham) என்ற பகுதியில், எங்கள் தெருப் பிள்ளைகள் வாணம் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் வழியே வெடிமருந்து மணம் வந்தது. சமையலறையில் அம்மா பேத்திக்கு இருமல் பாணியை மூடியில் ஊற்றி, கண்ணுக்கு நேரே பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டார்.

வன்னியில் அப்படியொரு மூடியால்தான் குழல் வாய்வழியே மருந்தை இடித்து அடைக்கும் அப்பாவின் இடியன் துவக்குக்கு அம்மா வெடிமருந்து அளப்பார். பாலை மரத்தில் வைத்த சுண்ணாம்புப் பொட்டைப் பார்த்து அப்பா சுடுவார். குண்டு மேலே போனால் அம்மா ஒரு சிட்டிகை குறைப்பார். கீழே போனால் கூட்டுவார். நீலப் புகை முருங்கைக்குள் நுழைந்து கலையும்வரை நான் வாய்பிளந்து நிற்பேன். அடுத்தடுத்த குண்டுகள் பொட்டுக்குள்ளேயே இறங்கிய பிறகுதான் அம்மா அப்பாவைக் காட்டில் பன்றி வேட்டைக்கு விடுவார்.

"பண்டி ஒரு வெடியிலை விழவேணும். காயத்தோடை திரும்பினால் உங்களைத்தான் கிழிக்கும்."

"ஓம், ஓம்," என்று அப்பா சிரிப்பார். ஒவ்வொரு முறையும் வீடு வந்து சேர்ந்தார்.

வெளியே ஒரு வாணம் கோணிப் போய் எதிர்வீட்டுக் கூரையில் விழுந்தது. அம்மா மூடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வாணம் செய்தவன் மருந்தை அளக்காமல் அடைச்சிருக்கிறான்," என்றார். "அவனுக்கு வீட்டிலை காத்திருக்க ஆளில்லை போலை."