சிடி வேஷம் போட்ட டாங்கிள்

யாரையும் நம்பமாட்டேன் என்பதுதான் என்மீது என் மகளுக்கு உள்ள பெரிய புகார். விண்டோஸையும் நம்பாமல் என் பழைய லேப்டாப்பில் நானே லினக்ஸ் போட்டிருந்தேன். அவளுடைய பிரான்ஸ் படிப்புக்கு நேர்காணல் என்றிருந்த நாளுக்கு முந்தின நாள் பார்த்து, லேப்டாப்பின் உள்ளே இருந்த வைஃபை செத்துப்போனது. மறுநாள் மூன்று மணிக்கு வீடியோவில் பேசவேண்டும். போனில் வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

காலையில் பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் வைஃபைக்காகச் சொருகும் யூஎஸ்பி டாங்கிள் வாங்கினேன். "லினக்ஸ்ல வேலை செய்யுமா?" என்றேன்.

"எல்லாத்துலயும் செய்யும்கா" என்றான், என் முகத்தைப் பார்க்காமலே. அப்போதே எனக்குச் சுருக்கென்றது.

முதலியார்பேட்டை வீட்டுக்கு வந்து, சமையலை முடித்துவிட்டுச் சொருகினால் வைஃபையைக் காணோம். திரையில் ஒரு சிடியின் படம். அதற்குள் விண்டோஸ் ஃபைல்கள். நான் சிடியா வாங்கினேன்? படுபாவி, என் தலையில் கட்டிவிட்டான்! திருப்பிக் கொடுக்கலாமென்றால் மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. எங்கள் ஊரில் மத்தியானம் கடையைச் சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள்.

மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் போறது உனக்குப் புடிக்கலம்மா. நீதான் ஏதோ பண்ணி வெச்சிருக்க."

"அடிப்பாவி! பெத்தவளையே சந்தேகப்படுறியா?" என்று கத்தினேன். அவள் போவது எனக்குப் பிடிக்கவில்லை என்பது மட்டும் உண்மை.

அந்தச் சிடியில் வைரஸ் இருந்து தொலைத்தால்? பிடுங்குவதற்கு முன் முறைப்படி எஜெக்ட் கொடுத்தேன். சிடி மறைந்தது. டாங்கிளில் விளக்கு மினுக்கியது. எங்கள் வீட்டு வைஃபையின் பெயர் திரையில் வந்து நின்றது! விண்டோஸுக்கான டிரைவர் மென்பொருளைக் கொடுப்பதற்காக இந்த ரகம் முதலில் சிடியாக வேஷம் போடுமாம். எஜெக்ட் கொடுத்தால்தான் வைஃபையாக மாறுமாம். இதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். சனியன், இதைப் பெட்டிமேல் எழுதினால் என்ன குறைந்துபோகும்?

மூன்று மணிக்கு மகள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கூடத்தில் ரூட்டருக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, அதன் ஸ்விட்சைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். உள்ளே அவள் பிரெஞ்சில் சிரித்துச் சிரித்துப் பேசுவது கேட்டது. நன்றாகத்தான் பேசினாள். எனக்கு அழுகையாக வந்தது.

கதவைத் திறந்தவள் முதலில் என் கையைத்தான் பார்த்தாள். "இங்க என்னம்மா பண்ற?"

"யாராவது அணைச்சிடப் போறாங்கன்னு காவல் இருக்கேன்."

"வீட்டுல நீயும் நானும் மட்டும்தானேம்மா இருக்கோம்" என்றாள்.